டோக்கனும் வாங்கியாச்சு, வாய்ஸும் போட்டாச்சு: இனி வீடு யாருக்கு?

மடிப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவர் இல்லை, மகன் டல்லாஸில். மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறது, வாடகை 18,000. மூன்று பேர் கேட்கிறார்கள். முதலாவது, ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர், மனைவி லேப் டெக்னீஷியன், ஒரு பெண் குழந்தை. இரண்டாவது, ஐ.டி. பேச்சிலர் பையன்கள் இரண்டு பேர். மூன்றாவது, ஊழியர்களுக்கு கெஸ்ட் ஹவுஸ் பார்க்கும் ஒரு கம்பெனி, 23,000 வாடகையும் இரண்டரை லட்சம் அட்வான்ஸும் தரத் தயார். இதில் முதல் குடும்பத்திடம் ஜிபேயில் 5,000 ரூபாய் டோக்கன் வாங்கிக்கொண்டு "வீடு உங்களுக்குத்தான்" என்று மெசேஜும் போட்டிருக்கிறார். அடுத்த வாரம் கம்பெனி வந்தது, மனம் மாறிவிட்டது. "என் வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லையா? அவர்கள் கேஸ் போட முடியுமா?" இதுதான் கேள்வி.

அம்மா, பழைய குடித்தனக்காரர் ஹால் சுவரில் பதினேழு ஆணி அடித்ததும், கரன்ட் பில் கட்டாமல் போனதும், உங்கள் கணவர் பி.எஃப். பணத்தில் இந்த வீட்டைக் கட்டியதும் படித்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் எதுவும் கோர்ட்டில் ஒரு வரிகூட வராது. கம்பெனி மேனேஜர் "ரொம்ப டீசன்ட்" என்பதும் வராது. உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் எனக்கு வேண்டியது மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒன்றரை வரி. புரோக்கருக்கு நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்: "அவங்க வேற ஆளுங்கன்னு தெரிஞ்சிருந்தா டோக்கனே வாங்கியிருக்க மாட்டேன், அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்க." அதை அவர் அந்தக் குடும்பத்துக்கே ஃபார்வர்ட் செய்துவிட்டார். அவர்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எப்படித் தெரிந்தது என்றால், "சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம்" என்று கேட்டீர்களாம். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் தெரியாதவர் யாரும் இல்லை, நீதிபதி உட்பட.

முதலில் டோக்கன் விஷயத்தை முடித்துவிடுகிறேன், அது சின்னது. பணம் வாங்கி, வீடு உங்களுக்குத்தான் என்று எழுத்தில் சொன்ன பிறகு "யாரைத் தேர்ந்தெடுப்பது" என்ற கட்டம் தாண்டிவிட்டது. நீங்கள் தேர்ந்தெடுத்தாயிற்று. இப்போது இருப்பது, சொன்ன சொல்லிலிருந்து எப்படி வெளியே வருவது என்ற பிரச்சினை. ஒப்பந்தச் சட்டப்படி அவர்கள் நஷ்டஈடு கேட்கலாம். இருக்கிற வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள், புரோக்கர் கமிஷன் கொடுத்திருக்கிறார்கள், அதெல்லாம் கணக்கில் வரும். தொகை பெரிதாக இருக்காது, இதற்காக யாரும் சிவில் கோர்ட் ஏறமாட்டார்கள். ஸ்டேஷனில் மோசடி என்று மனு கொடுத்தால்கூட, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டியாக வேண்டும், உங்கள் விஷயத்தில் அது நிற்காது. ஆக வெறும் டோக்கன் மட்டும் என்றால், பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேளுங்கள் என்று இரண்டு வரியில் எழுதி அனுப்பியிருப்பேன்.

உங்களை மாட்டிவிட்டது அந்த வாய்ஸ். மகனின் நண்பர் ஒருவர், சாதி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிற அரசியலமைப்பின் 15-வது பிரிவு அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனி வீட்டுக்காரரை இல்லை என்று தைரியம் சொன்னாராம். 15-ஐப் பொறுத்தவரை அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை. 17-ஐ மறந்துவிட்டார். தீண்டாமையை ஒழித்த 17-வது பிரிவு தனியாரையும் கட்டுப்படுத்தும். அதை நடைமுறைப்படுத்த வந்ததுதான் 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அதன் 4-வது பிரிவில், எந்த இடத்திலும் குடியிருப்பு வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ ஒருவரைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பது குற்றம் என்று தெளிவாக இருக்கிறது. அபராதம் 100 முதல் 500 ரூபாய்தான், அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், கூடவே குறைந்தது ஒரு மாதம், அதிகபட்சம் ஆறு மாதம் சிறை. வயதானவர், முதல் தடவை என்று நன்னடத்தையில் விடுகிற சட்டம் இதற்குப் பொருந்தாது, அதையும் அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, 12-வது பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்றால், தீண்டாமை காரணமாகத்தான் அப்படிச் செய்தார் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வருமா என்றால், வரும் என்று புகார் எழுதிக் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒப்பந்த வாய்ப்பை மறுப்பதும் அந்தச் சட்டத்தில் பொருளாதாரப் புறக்கணிப்பு என்ற வரையறைக்குள் இருக்கிறது. உங்கள் பக்கம் வாதமே இல்லை என்று சொல்லவில்லை. சாதிப் பெயரைச் சொல்லவில்லை, ஒரே ஒருவருக்கு அனுப்பிய தனிப்பட்ட மெசேஜ், பொதுப் பார்வையில் அவமானப்படுத்தவில்லை. நானே இதையெல்லாம் வாதிடுவேன். எந்தக் கட்டத்தில் என்பதுதான் கேள்வி. அந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை, முன்ஜாமீனுக்கும் தடை இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தாலே குற்றம் தெரியவில்லை என்றால் கோர்ட் தரும்தான், ஆனால் உங்கள் குரல் அவர்கள் போனில் இருக்கும்போது அதை நம்பி நிம்மதியாக உட்கார முடியாது. அறுபத்தெட்டு வயதில் அந்த நல்ல வாதங்களை எல்லாம் ஜாமீன் மனுவில் போய் வைக்க வேண்டுமா?

வாய்ஸை அழித்துவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, அழிக்கவும் செய்யாதீர்கள். அது ஏற்கெனவே இரண்டு போனில் இருக்கிறது. புகார் வரும் என்று தெரிந்தே அழித்தால் அதற்கு வேறு பிரிவு இருக்கிறது.

என்னைப் போன்ற வக்கீல்களிடம் வரும் கட்சிக்காரர்கள் உண்மையில் கவிழ்வது இதற்கு அடுத்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தப்பாக எதையோ சொல்லிவிட்டோம் என்று தெரிந்ததும், அதை மூட ஒரு புதுக் காரணம் தேடுவார்கள். சில வருஷம் முன்பு என்னிடம் வந்த ஒருவர், இதே மாதிரி ஒரு பேச்சுக்குப் பிறகு, "அண்ணன் பையன் பெங்களூரிலிருந்து வர்றான், வீடு அவனுக்கு" என்று டோக்கன் கொடுத்தவருக்கு மெசேஜ் அனுப்பினார். அண்ணன் பையன் இருக்கிறான், பெங்களூரில்தான் இருக்கிறான், வரத்தான் இல்லை. பத்து நாளில் அதே கேட்டில் டு-லெட் போர்டு தொங்கியது. எதிர்த்தரப்பு செய்ததெல்லாம் தெருவில் நின்று அந்த போர்டை போட்டோ எடுத்ததுதான், தேதியோடு. தீண்டாமை காரணம் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய மனிதர் தன் பொய்க்குத் தானே சாட்சி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. வாயில் வந்த ஒரு வார்த்தையை எப்படியாவது விளக்கலாம், யோசித்து டைப் செய்த பொய்யை விளக்க முடியாது. நீங்கள் "அவர்கள் அசைவம் சாப்பிடுவார்கள், அதைக் காரணமாகச் சொல்லலாமா" என்று கேட்டிருப்பதும் இதே ரகம். சைவம் மட்டும் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தால் அது வேறு பேச்சு. டோக்கன் வாங்கும்போது வராத சைவம் இப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நான் அந்தக் காரணத்தை உங்களுக்கு எழுதித் தரப்போவதில்லை.

மற்றபடி வீட்டுக்காரருக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் நிறையவே இருக்கிறது. சம்பளம், எத்தனை பேர், நாய் உண்டா, ராத்திரி ஷிஃப்டா, பேச்சிலர் வேண்டாம், இதையெல்லாம் சட்டம் கேட்பதில்லை. சாதி, அப்புறம் திருநர் என்பதாலும் எச்.ஐ.வி. இருப்பதாலும் வாடகைக்கு மறுப்பது, இந்த இடங்களில்தான் நேரடியான தடை இருக்கிறது. கடைசி இரண்டுக்கும் 2019-லும் 2017-லும் தனிச் சட்டங்கள் வந்தன.

சரி, கம்பெனிக்கு வருகிறேன். இரண்டரை லட்சம் அட்வான்ஸைப் பார்த்து மயங்கியிருக்கிறீர்கள். பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய மெட்ராஸ் கணக்கு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் முன்பணம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். பெரிய அட்வான்ஸ் உங்களுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள், வாடகையை நிறுத்திவிட்டு "அதுல கழிச்சுக்கோங்க" என்று சொல்ல வசதியாக இருப்பது அவர்களுக்குத்தான். கெஸ்ட் ஹவுஸ் என்றால் உள்ளே யார் இருக்கிறார் என்று உங்களுக்கே தெரியாது, மாதாமாதம் முகம் மாறும். வீட்டு இணைப்பில் ஆபீஸ் காரியம் நடந்தால் மின்வாரியம் இரண்டு மடங்கு கட்டணம் போட்டு நோட்டீஸ் அனுப்புவது உங்கள் பெயருக்கு.

அதைவிடப் பெரிய விஷயம், கம்பெனி மேனேஜர் "ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சிடறோம், அக்ரிமென்ட் ஹெட் ஆபீஸ்லேருந்து வர பத்து நாள் ஆகும்" என்று சாவி கேட்கிறார். இந்தப் பாலில் எத்தனை வீடு போயிருக்கிறது தெரியுமா? கொரட்டூரில் என் கட்சிக்காரர் ஒருவர், ஆனி கடைசி வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச மட்டும் என்று சாவி கொடுத்தார். டிராஃப்டில் அப்பா பெயர் தப்பாக இருக்கிறது, திருத்தி திங்கட்கிழமை கையெழுத்து போட்டுக்கலாம் என்றார்கள். பால் பொங்கியது, எல்லாருக்கும் டம்ளரில் கொடுத்தார்கள், சாயங்காலம் ஒரு ஸ்டவ்வும் பாயும் குடமும் உள்ளேயே இருந்தன. திங்கட்கிழமை வரவே இல்லை. மூன்று மாதம் வாடகை ஜிபேயில் வந்தது, அப்புறம் நின்றது. கோபத்தில் இவர் மோட்டாரை நிறுத்தினார், தண்ணீரை நிறுத்தக்கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது, குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தார், வீட்டுக்காரர் எதிர்மனுதாரர் ஆனார். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாக வைத்து காலி செய்யச் சொல்லி வழக்குப் போட வழி இருக்கிறது, போட்டோம், வாய்தா மேல் வாய்தா. கடைசியில் நான்தான் சமாதானம் பேசச் சொன்னேன். எட்டு மாத வாடகையை விட்டுக்கொடுத்து, அட்வான்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுத்து, லாரி வாடகையும் இவரே கொடுத்து அனுப்பி வைத்தார். கேஸ் நடத்தியிருந்தால் அதைவிட அதிகம் ஆகியிருக்கும்.

பதினோரு மாத அக்ரிமென்ட்டுக்குப் பதிவு வேண்டாம் என்பதும் இப்போது செல்லாது. அது பத்திரப்பதிவுச் சட்டத்துக் கணக்கு. வாடகைச் சட்டத்தில் எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும்.

என் யோசனை, நீங்கள் கேட்க விரும்பாததுதான். வீட்டை அந்த முதல் குடும்பத்துக்கே கொடுங்கள். கேஸ் பயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இருவர் சம்பளம், ஒரே குழந்தை, நிலையான வேலை, உங்கள் மூன்று பேரில் வாடகை தவறாமல் வர வாய்ப்புள்ளது அவர்கள்தான், நீங்களும் வாய்ஸ் போடும் முன் அப்படித்தான் நினைத்தீர்கள். இன்றே நீங்களே போன் செய்யுங்கள், புரோக்கர் நடுவில் வேண்டாம். பேசியது தப்பு என்று நேராகச் சொல்லுங்கள், "ஆனா" என்று ஆரம்பிக்கும் வாக்கியம் எதுவும் கூடாது. அந்த வீட்டுக்கு வர இனி மனமில்லை என்று அவர்கள் சொல்லலாம், எனக்கும் அது நியாயமாகத்தான் படும். அப்படியானால் டோக்கனோடு புரோக்கர் கமிஷன், பழைய வீட்டில் அவர்களுக்கு வீணான வாடகை இரண்டையும் சேர்த்து வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். முப்பது நாற்பதாயிரம் ஆகலாம், கொடுங்கள். "புகார் கொடுக்க மாட்டோம்" என்று எழுதி வாங்காதீர்கள். இது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் இல்லை, அந்தத் தாள் எந்தப் புகாரையும் தடுக்காது, நடந்ததை நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சியாக மட்டும் ஃபைலில் இருக்கும்.

வீடு அவர்களுக்கானாலும், வேறு யாருக்கானாலும், அக்ரிமென்ட் கையெழுத்தாகும் வரை சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். வீடு காட்டுவதற்காக புரோக்கரிடம் ஒரு டூப்ளிகேட் கொடுத்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்களே, கம்பெனி மேனேஜர் அவரிடம் கேட்பதற்குள் அதை இன்று சாயங்காலமே போய் வாங்கிவிடுங்கள்.