சங்கம் தொடங்கினால் டிரான்ஸ்ஃபரா? தொழிலாளர் சட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கம்பெனியில் 180 பேர். நாற்பது பேர் சேர்ந்து சங்கம் பதிவு செய்ய மனு போட்டோம். பதினைந்தே நாளில், முன்னின்ற இரண்டு பேருக்கு ஓசூர் கிளைக்கு டிரான்ஸ்ஃபர். மற்றவர்களுக்குத் திடீரென மாதம் 1,500 ரூபாய் சம்பள உயர்வு. கேஸ் போட்டால் நிற்குமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: நிற்க வைக்கலாம், தானாக நிற்காது.

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின் இரண்டாம் அட்டவணை, நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைதான் ஏறக்குறைய அப்படியே இங்கே வந்திருக்கிறது. அதனால் பழைய தீர்ப்புகள் இன்றும் கைகொடுக்கும். உங்கள் இரண்டு புகாருமே அதில் உண்டு. சங்கம் உருவாகிற நேரம் பார்த்து, அதைக் குலைப்பதற்காகச் சம்பளம் கூட்டுவதும் தப்புதான். கைக்கு வந்த பணத்தைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை என்பதால் இது பலருக்குத் தெரிவதில்லை. பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மாத பே ஸ்லிப்பைப் பத்திரமாக வையுங்கள்.

சிக்கல் டிரான்ஸ்ஃபரில்தான். இடமாற்றம் நிர்வாகத்தின் உரிமை என்ற இடத்திலிருந்துதான் நீதிமன்றம் ஆரம்பிக்கும். பழிவாங்கல் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று பாரத் அயர்ன் வொர்க்ஸ் வழக்கில் (1975) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'எங்களைப் பிடிக்காமல் செய்தார்கள்' என்று மட்டும் எழுதிய மனு முதல் குறுக்கு விசாரணையிலேயே படுத்துவிடும்.

பேச வேண்டியது தேதிகள். சங்க மனு கொடுத்த நாள், நிர்வாகத்துக்கு அது தெரிந்த நாள், ஆர்டர் வந்த நாள், மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். இதில் கோட்டை விடுவது நடுவிலுள்ளதைத்தான். 'சங்கம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது' என்பார்கள். நிர்வாகிகள் பட்டியலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைக் கையில் வைத்திருந்தால் அந்த வாய் அடைபடும். அடுத்து, ஓசூரில் அந்த வேலைக்குக் காலியிடம் இருந்ததா, இதற்கு முன் யாரையாவது அங்கே மாற்றியிருக்கிறார்களா, நியமன ஆர்டரிலும் நிலையாணையிலும் (கம்பெனியின் பணி விதிகள்) இடமாற்றம் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் மிரட்டியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்த போனை மாற்றாமல் வைத்திருங்கள்.

ஓசூர் போகாமல் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். 'சொல்லாமல் வரவில்லை' என்று தனியாக ஒரு சார்ஜ் ஷீட் வரும், பிறகு அசல் சண்டை மறந்துபோகும். 'ஆட்சேபத்துடன் பணியில் சேர்கிறேன்' என்று எழுதிக்கொடுத்துவிட்டுச் சேருங்கள். அதே வாரம் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் தாவா (தகராறு மனு) எழுப்புங்கள். இரண்டு வருடம் தாண்டிய தகராறை அவர் எடுக்க முடியாது.

கேள்வி: இரவு ஷிஃப்டில் ஒருமுறை கண்ணயர்ந்ததற்கு டிஸ்மிஸ். கூடத் தூங்கியவர்களுக்கு வெறும் மெமோ. நான் சங்கத்தின் இணைச் செயலாளர்.
– வாசகர், ஒரகடம்

பதில்: கிட்டத்தட்ட உங்கள் கதைதான் கலர் கெம் வழக்கு (1998). தப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டனையே சட்டப்படி பழிவாங்கல்தான் என்றது உச்ச நீதிமன்றம். அது மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. அந்தக் கருத்தை இங்கேயும் எடுத்து வாதாடலாம். மற்றவர்களுக்குக் கொடுத்த மெமோவின் நகல்தான் உங்கள் பலம், அதை முதலில் தேடுங்கள். சமரசப் பேச்சு நிலுவையில் இருந்தபோது நீக்கினார்களா என்றும் பாருங்கள். அப்போது ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அந்தச் சமரச அலுவலரிடம் ஒப்புதலும் கேட்டிருக்க வேண்டும். ஒப்புதல் இல்லாத டிஸ்மிஸ் செல்லாது என்று 2002-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது.

கேள்வி: சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயர் வருவதை நிர்வாகம் எதிர்க்கிறது. பதிவு நின்றுவிடுமா?
– வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: உங்கள் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. சாம்சங் ஆலையிலும் இதே ஆட்சேபம் வந்தது; 37 நாள் வேலைநிறுத்தம் முடிந்து, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. மனுவில் ஏழு பேர் கையெழுத்தும், உறுப்பினர்களாக மொத்தத் தொழிலாளரில் 10 சதவீதம் அல்லது நூறு பேர், இந்த இரண்டில் எது குறைவோ அதுவும் இருந்தால் போதும். பதிவை விட்டுவிடாதீர்கள். பெரம்பூர் பி அண்ட் சி மில் நிர்வாகம் அங்கே சங்கம் நடத்திய தலைவர் வாடியா மீது வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கிய காலத்தில், சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது; அது 1926-ல்தான் வந்தது, அதுவும் பதிவான சங்கங்களுக்கு.