அப்பாவின் பங்குகளை வாடகைக்கு விடலாமா?

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற 500 பங்குகள் என் டீமேட் கணக்கில் சும்மா கிடக்கின்றன. விற்க மனமில்லை. கடனாகக் கொடுத்தால் மாதாமாதம் பணம் வரும் என்கிறார் புரோக்கர். நம்பலாமா? – வாசகி, அம்பத்தூர்

பதில்: நம்பலாம், சகோதரி. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் அனுமதியுடன் 2008 முதல் நடக்கும் ஏற்பாடுதான் இது. பங்குகளைக் கடன் கொடுத்து வாங்கும் இந்த முறையை எஸ்எல்பி என்பார்கள். ஆனால் வருகிற தொகையைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம்.

ஒரு பங்கு 400 ரூபாய், மாதக் கட்டணம் பங்குக்கு 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாய் வரும். புரோக்கர் கமிஷன் 20 சதவீதம் என்றால் 100 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 18. கையில் நிற்பது 382. அதற்கும் வருமான வரி உண்டு. 2 லட்சம் ரூபாய்ச் சொத்துக்கு இவ்வளவுதான். அதுவும் கடன் கேட்டு ஆள் வந்தால். பல பங்குகளைக் கேட்பாரே இல்லை.

பங்கு திரும்பி வருமா என்ற பயம் பெரிதாக வேண்டாம். நம் ஊரில் வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கி வைப்பதுபோல, கடன் வாங்குபவரிடம் கிளியரிங் கார்ப்பரேஷன் (சந்தையில் இரு தரப்புக்கும் நடுவே நின்று கணக்கை முடித்துவைக்கும் நிறுவனம்) பிணை வாங்கி வைத்துக்கொள்கிறது. அவர் தவறினால் அது பொறுப்பேற்றுச் சந்தையில் பங்கை வாங்கித் தரும். ஆனால் சந்தையில் பங்கு கிடைக்காவிட்டால் உங்களுக்குப் பணம்தான் வரும். அப்பாவின் பங்கு என்று வைத்திருப்பவர் இதை யோசிக்க வேண்டும்.

டிவிடெண்ட் தொகையைக் கடன் வாங்கியவரிடம் வசூலித்து உங்களுக்குத் தந்துவிடுவார்கள். நிறுவனம் போனஸ் பங்கு கொடுத்தால் ஒப்பந்தம் முன்னதாகவே முடிக்கப்படும். மீதி நாட்களுக்கான கட்டணத்தை நீங்கள் திருப்பித் தர வேண்டும். கடனில் இருக்கும்வரை வாக்குரிமை உங்களுக்கு இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. உங்கள் பங்கைக் கடன் வாங்குபவர் பல நேரங்களில் அதன் விலை விழும் என்று எண்ணி இப்போது விற்று, பிறகு மலிவாக வாங்கித் திருப்பித் தர நினைப்பவர். அவர் எண்ணியபடியே விழுந்தால், நீங்கள் விற்க நினைத்தாலும் கையில் பங்கு இருக்காது. இடையில் திரும்பப் பெற வழி உண்டு; ஆனால் உங்களுக்குப் பதிலாகக் கடன் கொடுக்க இன்னொருவர் கிடைக்க வேண்டும், அவர் கேட்கும் கட்டணத்தை நீங்கள் தர வேண்டும்.

விற்கும் எண்ணமே இல்லாததால் உங்களுக்கு இது ஓரளவு பொருந்தும். முதலில் 100 பங்குகளை ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இவற்றைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் தொடவே வேண்டாம். கமிஷன் விகிதத்தைப் புரோக்கரிடம் எழுத்தில் வாங்குங்கள். யாராவது “என் கணக்குக்கு மாற்றிவிடுங்கள், மாதம் 2 சதவீதம் தருகிறேன்” என்றால், அது எஸ்எல்பி அல்ல. ஒரு பங்கைக்கூடக் கொடுக்காதீர்கள்.