கேமராவை மாற்றும் முன் மாமா வீட்டுக் கணக்கு

கேள்வி: கும்பகோணம் பக்கம் கல்யாண ஃபோட்டோகிராஃபராக இருக்கிறேன். என்னிடம் இருப்பது நிக்கான் டி750. ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை, 1,30,000 ஆகிவிட்டது. நிக்கானின் இசட்6 III பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) கடையில் 2,30,000 ரூபாய் சொல்கிறார்கள். 16 சதவீத வட்டியில் 24 மாத பர்சனல் லோன் கிடைக்கும். போன வருடம் 24 கல்யாணம் எடுத்தும் கையில் காசு நிற்கவில்லை. அதில் 7 சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணம், காசு வாங்கவில்லை. ஆல்பம் 14,000, உதவியாளர் 4,000, வண்டி 2,000 எல்லாம் என் செலவு. தன் மகள் கல்யாணத்துக்குள் புது கேமரா வாங்கிவிடச் சொல்கிறார் பெரிய மாமா. வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அந்த 7 கல்யாணத்துக்கும் தலா 20,000 என்றால் 1,40,000. லோன் இஎம்ஐ சுமார் 11,260, வருடத்துக்கு 1,35,000. ஆக, ஒரு இஎம்ஐயை ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், கேமரா மட்டும் வீட்டுக்கு வரவில்லை. இதன் மேல் இன்னொன்றா? ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, தவணைத் தேதி மட்டும் தவறாமல் வரும். வட்டியாக மட்டும் சுமார் 40,000 போகும். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்று கடைக்காரர் ஆசை காட்டினால், ரொக்கத்துக்கு என்ன விலை என்று முதலில் கேளுங்கள். பிராசசிங் கட்டணமும், கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால் வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் உங்கள் தலையில்தான் விழும்.

டி750 ஷட்டருக்கு நிக்கான் சொல்லும் கணக்கு 1,50,000 படம். அதைத் தொட்ட அன்றே கேமரா செத்துவிடாது. ஷட்டர் யூனிட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் படத்தை 36 அங்குல ஆல்பம் விரிப்பு (எதிரெதிர் இரண்டு பக்கம்) முழுக்கப் பரப்பினாலும் அங்குலத்துக்கு 167 புள்ளி வரும், கல்யாண ஆல்பத்துக்கு அது போதும். புது பாடியிலும் ஏறக்குறைய அதே 24 மெகாபிக்சல்தான். வித்தியாசம் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸிலும் வீடியோவிலும். அதற்கென்று தனியாகப் பணம் தரும் ஆர்டருக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். நாளுக்கு 2,000 என்று வைத்தாலும் 10 நாளைக்கு 20,000தான். ஒரு வருட இஎம்ஐக்கு 67 நாள் வாடகை எடுக்கலாம். உங்களுக்கு அத்தனை முகூர்த்தமே இல்லை.

பாடி விலையோடு செலவும் முடியாது. உங்கள் பழைய லென்ஸ்களைப் புது பாடியில் மாட்ட எஃப்டிஇசட் அடாப்டர் வேண்டும். அதில் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் (ஃபோகஸ் மோட்டார் உள்ளேயே இருப்பவை) ஓடும். பழைய 50 எம்எம் 1.8டி போன்றவற்றில் ஆட்டோஃபோகஸ் வராது, கையால் திருப்ப வேண்டும். ஒரு கார்டு ஸ்லாட்டுக்கு சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி கார்டு வேண்டும், எஸ்டியைவிட விலை அதிகம். டி750 ஒரு சார்ஜில் 1,230 படம் என்பது கம்பெனிக் கணக்கு; புதியதில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. முகூர்த்தத்திலிருந்து ரிசப்ஷன் வரை ஓட நான்கு பேட்டரியாவது வைத்திருக்க வேண்டும்.

மாமாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “என் உழைப்பு என் மொய், மாமா. ஆல்பத்துக்கும் உதவியாளருக்கும் ஆகிற 18,000 மட்டும் நிச்சயதார்த்தத்தன்றே கொடுத்துவிடுங்கள்.” மற்ற சொந்தங்களுக்கும் இதே விதி. மிச்சமாகும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டால், இரண்டு சீசனில் கடன் இல்லாமல் பாடி வாங்கிவிடலாம். அப்போதும் டி750-ஐ விற்காதீர்கள், பேக்கப்புக்கு ஆகும். மாமா மகள் கல்யாணத்துக்குப் புது பாடிதான் வேண்டுமென்றால் முந்தின நாளே வாடகைக்கு எடுத்து, உங்கள் லென்ஸ்கள் ஒவ்வொன்றையும் அடாப்டரில் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.