ஒரு நாய், இரண்டு வினை: ஆங்கில வாக்கியக் கேள்வி பதில்

கே: காம்பவுண்ட் சப்ஜெக்ட், காம்பவுண்ட் ப்ரெடிகேட். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ப: முதலில் வினையைத் தேடுங்கள், அப்புறம் 'யார்?' என்று கேளுங்கள். 'தி டாக் அண்ட் தி கேட் ஸ்லெப்ட்.' தூங்கியது யார்? நாயும் பூனையும். எழுவாய் இரண்டு, வினை ஒன்று; இது காம்பவுண்ட் சப்ஜெக்ட். 'தி டாக் பார்க்ட் அண்ட் ரேன்.' குரைத்ததும் ஓடியதும் ஒரே நாய். இது காம்பவுண்ட் ப்ரெடிகேட். 'அண்ட்'டைப் பார்த்தவுடன் முடிவு கட்டாதீர்கள்.

கே: என் பையன் 'ஹி கேம் அண்ட் சிட்' என்றே எழுதுகிறான். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

ப: பையனைத் திட்டாதீர்கள். 'வந்து உட்கார்ந்தான்', 'வந்து உட்காருவான்' என்று பேசி வளர்ந்தவன் அவன். 'வந்து' எச்சம், அது மாறவே மாறாது. காலத்தை ஒரு வினை சுமந்தால் போதும். ஆங்கிலத்தில் இரண்டு வினையும் தனித்தனியே சுமக்க வேண்டும்: 'கேம் அண்ட் சேட்'. இதில் ஒரு வேடிக்கை, 'ஹி வில் கம் அண்ட் சிட்' சரிதான். அங்கே ஒரே 'வில்' இரண்டுக்கும் பொது. அதனால்தான் அவன் எதிர்காலத்தில் தப்பித்து இறந்தகாலத்தில் வழுக்குகிறான். 'கேம் அண்ட்' என்பதை விரலால் மறைத்துவிட்டு மீதியை வாசிக்கச் சொல்லுங்கள். 'ஹி சிட்' என்று வந்ததும் அவன் காதே உறுத்தும்.

கே: 'ஷி க்ளோஸ்ட் தி டோர், அண்ட் லெஃப்ட்.' கமா சரியா?

ப: வேண்டாம். எழுவாய் ஒன்று, வினை இரண்டு என்றால் நடுவில் கமா தேவையில்லை. 'அண்ட் ஷி லெஃப்ட்' என்று எழுவாய் மறுபடி வந்தால் அது காம்பவுண்ட் சென்டென்ஸ்; அங்கே போடலாம்.

கே: காலத்தை ஒரு வினை சுமந்தால் போதும் என்கிறீர்களே, முற்றெச்சம் என்று ஒன்று இருப்பது தெரியாதா? 'கண்டனன் வணங்கினன்' என்றால் இரண்டுமே முற்றுதானே?

ப: தெரியும். வடிவத்தில் முற்று, பொருளில் 'கண்டு வணங்கினன்'. நான் சொன்னது வீட்டில் பேசும் தமிழ்.

கே: நானும் சண்டைக்கு வருகிறேன். 'வந்தான், பார்த்தான், வென்றான்' பேச்சுத் தமிழ் இல்லையா?

ப: நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். வேகம் காட்ட நாமும் முற்றுகளை அடுக்குவோம். ஆனால் 'வந்து பார்த்து வென்றான்' என்றால் காலம் கடைசியில் மட்டும்தான். ஆங்கிலத்தில் 'அண்ட்' போட்டு அடுக்கும்போது அந்த இரண்டாவது வழி கிடையாது: 'ஹி கேம், சா, அண்ட் காங்கர்ட்.' வினை மூன்றானதால் இங்கே கமா உண்டு. கமாக்காரர் கவனிக்க.

கே: 'தி பாய் அலாங் வித் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ்' இஸ்ஸா, ஆரா?

ப: 'இஸ்'. 'பையன் நண்பர்களோடு வந்தான்' என்கிறோம், 'வந்தார்கள்' என்பதில்லை. 'அலாங் வித்' நம் 'ஓடு' மாதிரி, எழுவாயைக் கூட்டாது.

கே: 'ஆஸ் வெல் ஆஸ்'?

ப: அதுவும் அப்படியே.

கே: 'நைதர் தி பாய்ஸ் நார் தி டீச்சர்'?

ப: 'இஸ்'. வினைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். வரிசையை மாற்றினால் 'ஆர்'.

கே: 'அண்ட்' இருந்தாலே 'ஆர்'தானே?

ப: மேலே என்ன சொன்னேன்? 'தி செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர் இஸ்': பதவி இரண்டு, ஆள் ஒருவர். நடுவில் இன்னொரு 'தி' வந்தால் ஆள் இருவர், அப்போது 'ஆர்'.

கே: பாஸிவ் வாய்ஸ் பற்றி?

ப: இன்று அது இல்லை.

கே: 'ஹி ஸ்டுட் அப், அண்ட் ஸ்மைல்ட்.' இதில் கமா...

ப: ஷி கதவைச் சாத்திவிட்டுப் போனாளே, அந்தப் பதிலைப் பாருங்கள்.