தோட்டத்தில் வளர்ந்தவர் அன்றாட ஆங்கிலச் சொற்களை எங்கிருந்து தொடங்கலாம்?
இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன், ஆங்கிலத்தில் எந்தச் சொற்களை முதலில் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே வாயில் இருப்பவற்றில் தொடங்குங்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும் பெரட்டு, 'பரேட்'தான். நாம் குடியிருக்கும் வரிசை வீடான லயம், 'லைன்'. ஆனால் 'ஸ்டோர்' என்ற சொல்லில் கவனம் வேண்டும். நமக்கு அது தேயிலை ஆலை. வெளியாளுக்குக் கடை, இல்லாவிட்டால் கிடங்கு. அவரிடம் 'ஃபேக்டரி' என்றே சொல்லுங்கள்.

அப்புறம், சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், கூட வரும் சொல்லோடு ஜோடியாகப் பிடியுங்கள். இதுதான் முக்கியம். கொழுந்து கிள்ளுவது 'பிளக்'. கொய்யா பறிப்பதற்கு 'பிக்' போதும். தேத்தண்ணி போடுவது 'மேக் டீ', 'புட் டீ' இல்லை. நாம் மருந்து குடிக்கிறோம் என்போம். ஆங்கிலத்தில் அது 'டேக் மெடிசின்'. இன்றிரவு அடுப்படியில் நிற்கும்போது இப்படி ஐந்து ஜோடிகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.