உங்கள் கடைப் போனை எடுப்பது யார்?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் 14 வருடமாக எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார் விற்பனையும் உண்டு. 2 வருடத்துக்கு முன் ஈரோட்டில் ஒரு பிசினஸ் நெட்வொர்க்கிங் குழுவில் சேர்ந்தேன். புதன்கிழமை காலை 7 மணிக்கு ஓட்டலில் கூட்டம், 46 பேர். போர் வண்டிக்காரர், வீடு கட்டும் இன்ஜினியர், பல் டாக்டர், ஜவுளிக்கடை என்று எல்லாத் தொழிலும் இருக்கிறது. தலைவர் சொன்னதால் வலைப்பூ ஆரம்பித்து 38 பதிவு எழுதிவிட்டேன். குழு வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் எல்லோரும் கட்டைவிரல் போடுகிறார்கள், 'சூப்பர் அண்ணா' என்கிறார்கள். ஆனால் அதைப் படித்துவிட்டுக் கடைக்கு வந்தவர் ஒருவர்கூட இல்லை. எழுதவும் விஷயம் தீர்ந்துவிட்டது. கடைப் போனை மனைவிதான் எடுப்பாள், காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே கேள்வியையே கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வாள், அதனால் வீட்டிலும் இதைப் பற்றிப் பேச ஆளில்லை. வலைப்பூவை நிறுத்திவிட்டு யூடியூப் போகலாமா? இல்லை, காசு கொடுத்து யாரையாவது எழுதவைக்கலாமா?

பதில்: யூடியூபை அப்புறம் பார்க்கலாம் தம்பி.

இதே கேள்வி எனக்கு மாதம் ஒன்றாவது வருகிறது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவர் எழுதுகிறார், கரூரில் திரைச்சீலை தைத்து அனுப்புகிறவர் எழுதுகிறார். 'விடாமல் எழுதுங்கள், பலன் தானாக வரும்' என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நீங்களும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். வராது. இப்படியே இன்னொரு 38 எழுதினாலும் வராது.

நீங்கள் அனுப்பிய லிங்கைத் திறந்து எல்லாவற்றையும் படித்தேன். நேர மேலாண்மை, வெற்றியின் ரகசியம், பொங்கல் வாழ்த்து, குழுவின் ஆண்டுவிழாப் படங்கள். மோட்டாரைப் பற்றி இருப்பது இரண்டே பதிவு, அந்த இரண்டும் கம்பெனி கேட்டலாக்கில் இருந்து எடுத்தவை என்று படித்தவுடன் தெரிகிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. உங்கள் கடிதத்தில் 'எழுதவும் விஷயம் தீர்ந்துவிட்டது' என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு அடுத்த வரியிலேயே, காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே கேள்வியையே கேட்கிறார்கள் என்று உங்கள் மனைவி அலுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வரியையும் அடுத்தடுத்து எழுதும்போது உங்கள் கை கொஞ்சம்கூட நிற்கவில்லையா?

என்ன கேட்கிறார்கள் என்று அவரிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? நான் சொல்கிறேன். மோட்டார் ஓடுது, தண்ணி வரல. சுவிட்ச் போட்டவுடனே ட்ரிப் ஆகுது. காயில் கட்ட எத்தனை நாள் ஆகும், எவ்வளவு ஆகும். மோட்டாரை மேலே தூக்க ஆள் நீங்களே அனுப்புவீங்களா, நாங்க கூட்டிட்டு வரணுமா. 700 அடி போருக்கு எத்தனை ஹெச்பி போடறது. இதையெல்லாம் கேட்கிறவர் யார்? சோளத்துக்கோ மஞ்சளுக்கோ தண்ணீர் பாயாமல் காட்டில் நிற்கிற மனிதர். அவருக்கு அப்போதே பதில் வேண்டும். உங்கள் கடைக்கு வரப்போகிறவரும் அவர்தான். அவர் கேட்பதை ஒரு பெண் 14 வருடமாகக் காதால் வாங்கிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார், நீங்கள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பல் டாக்டருக்கு நேர மேலாண்மை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

போன மே மாதம் என் வீட்டு போர் மோட்டாரில் தண்ணீர் நின்றுபோனது. ஒரு கடைக்குப் போன் செய்தேன், ஒரு பெண் எடுத்தார். "அக்கா, பேனல் பாக்ஸ்ல இரண்டு முள் இருக்கும் பாருங்க, அதுல ஆம்ப்ஸ் முள் எங்க நிக்குது?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன், வழக்கமாக நிற்கிற இடத்துக்கு ரொம்பக் கீழே நின்றது. "மோட்டார் சும்மா சுத்துதுங்க அக்கா, அதுக்கு லோடு இல்ல. தண்ணி மட்டம் கீழ போயிருக்கும், இல்ல கப்ளிங் போயிருக்கும். முதல்ல ஆஃப் பண்ணிடுங்க, தண்ணியில்லாம ஓடினா காயில் எரிஞ்சிடும்" என்றார். இத்தனைக்கும் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற அந்தக் கப்ளிங்தான் போயிருந்தது. அந்தப் பெண் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அடிக்கடி சுவிட்சைப் போட்டுப் பார்த்து மோட்டாரையே எரித்திருப்பேன். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யார் மோட்டார் என்று பேச்செடுத்தாலும் நான் கொடுப்பது அந்தக் கடை நம்பரைத்தான். கடை முதலாளியின் முகம்கூட எனக்குத் தெரியாது.

வலைப்பூவுக்கு வேண்டியது அந்த இரண்டு நிமிடப் பேச்சுதான். போனுக்குப் பக்கத்தில் ஒரு 40 பக்க நோட்டு வையுங்கள். வருகிற ஒவ்வொரு கேள்வியையும், கேட்டவர் எந்த வார்த்தையில் கேட்டாரோ அதே வார்த்தையில் எழுதவேண்டும். 'நீர்மூழ்கி மோட்டாரில் நீரேற்றக் குறைபாடு' என்று யாரும் தேடுவதில்லை. 'மோட்டார் ஓடுது தண்ணி வரல' என்றுதான் போனில் பேசித் தேடுகிறார்கள், பதிவின் தலைப்பும் அதுவாகவே இருக்கட்டும். பதில் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும், உங்கள் கடை வரலாறெல்லாம் வேண்டாம். லைன் வேலை பார்த்த மறுநாள் த்ரீபேஸ் மோட்டாரில் தண்ணீர் குறைந்தால் பேஸ் மாறி மோட்டார் திருப்பிச் சுற்றலாம், மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் சரியாகிவிடும், அதையும் மெயினை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்தே மாற்றவேண்டும், இதை ஒரு பதிவாக எழுதலாம். ஒரு பேஸ் போனது தெரியாமல் ஓடி எரிந்த காயில் உங்கள் கடையில் எப்போதும் கிடக்கும், அதைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், எந்தப் பக்கம் கருகியிருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று காட்டுங்கள். ஊர்ப் பெயரை எழுதுங்கள்: சென்னிமலைப் பக்கம் வந்த வேலை, கொடுமுடியில் பார்த்த வேலை என்று.

எவ்வளவு ஆகும் என்பதையும் எழுதுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் பின்வாங்குகிறார்கள், ரேட்டைப் போட்டால் போட்டிக்காரன் பார்த்துவிடுவானாம். போட்டிக்காரனுக்கு உங்கள் ரேட் ஏற்கெனவே தெரியும், தெரியாமல் பயந்துகொண்டிருப்பது வாடிக்கையாளர்தான். 5 ஹெச்பிக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை, செம்பு விலை ஏறினால் மாறும் என்று தேதியோடு எழுதிவிடுங்கள். எல்லாவற்றையும் எழுதிவிட்டால் நம்மிடம் யார் வருவார்கள் என்றும் கேட்பார்கள். வலைப்பூ படித்துவிட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காயில் கட்டுகிறவர் யாரும் இல்லை.

சரி, குழுவுக்கு வருகிறேன். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற இந்த ஏற்பாடு 1905ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் ரோட்டரியைத் தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கிறது. வாரம் ஒருமுறை கூடி ஒருவருக்கொருவர் வேலை தேடிக் கொடுக்கிற முறையை 1985ல் அமெரிக்காவில் ஐவன் மைஸ்னர் பிஎன்ஐ என்று ஆரம்பித்தார், இப்போது நம்மூர் ஓட்டல்களில் விடிகாலையில் நடக்கிற கூட்டங்கள் பெரும்பாலும் அந்த முறையில்தான் நடக்கின்றன. அந்த அறையில் இருக்கிற 46 பேரும் உங்களுக்கு வாடிக்கையாளர் இல்லை. அவர்கள் வெளியே போய் யாரைச் சந்திக்கிறார்களோ அவர்களுக்காகத்தான் கூட்டம். நீங்கள் 46 பேர் படிக்க எழுதினீர்கள், அவர்களும் மரியாதைக்குக் கட்டைவிரல் போட்டார்கள். அவர்கள் எடுத்துப் போய்க் கொடுக்கிற மாதிரி ஒரு பதிவுகூட நீங்கள் கொடுக்கவில்லையே.

2004ல் தமிழ் வலைப்பூக்களை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டுகிற தமிழ்மணம் தளம் வந்த நாளிலிருந்து வலைப்பூக்களைப் பார்த்து வருகிறேன். அன்றைக்கும் ஒருவர் பதிவுக்கு ஒருவர் பின்னூட்டம் போட்டு நாங்களே எழுதி நாங்களே படித்துக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்தில் நான் எழுதியதில் இன்றும் ஆட்கள் தேடிவந்து படிப்பது ஒன்றே ஒன்று, பத்தமடைப் பாய் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று எழுதியது. மற்றதெல்லாம் நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டது, அந்தப் பேச்சு ஓய்ந்ததும் அதுவும் போய்விட்டது.

போர் வண்டிக்காரரிடம் போய் உட்காருங்கள். போர் போட்டு முடித்ததும் ஜனங்கள் அவரிடம் கேட்கிற முதல் கேள்வி, எந்த மோட்டார் போடலாம் என்பதாகத்தான் இருக்கும். எத்தனை அடியில் தண்ணீர், எவ்வளவு வருகிறது, மண் சரியாமல் இறக்குகிற கேசிங் பைப் எத்தனை அடி என்று எதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு மோட்டார் கடைக்குப் போகவேண்டும் என்பதை அவர் வாயாலேயே கேட்டு, அவர் பெயர் போட்டே எழுதுங்கள். அந்த லிங்கை அவர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அனுப்புவார், ஏனென்றால் அதில் அவருக்கும் ஒரு வேலை மிச்சமாகிறது. இன்ஜினியரிடமும் இப்படியே. கூட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கிற ஒரு நிமிடத்தில் 'எந்த மோட்டார் பிரச்சனையாக இருந்தாலும் சொல்லுங்கள்' என்று பேசாதீர்கள், அதைக் கேட்டுவிட்டு வெளியே போகிறவர் மனதில் ஒன்றும் நிற்காது. 'இந்த வாரம் யாராவது மோட்டார் ஓடுது தண்ணி வரலைன்னு சொன்னா இதை அனுப்புங்க' என்று ஒரே ஒரு கேள்வியைச் சொல்லி, ஒரே ஒரு லிங்கைக் கொடுங்கள்.

நீ என்னைப் பற்றி எழுது, நான் உன்னைப் பற்றி எழுதுகிறேன் என்கிற பேச்சு மட்டும் வேண்டாம். அவரிடம் நீங்கள் வேலை வாங்கிப் பார்த்திருந்தால் எழுதுங்கள். பார்க்காமல் நல்லவர் வல்லவர் என்று எழுதினால் அது பொய். அதை நம்பிப் போய் ஒரு குடியானவர் கடன் வாங்கிய பணத்தை இழந்தால் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

காசு கொடுத்து எழுதவைப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு உங்கள் கடைப் போன் அடிப்பது கேட்காது. பதில் தெரிந்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கும்போது வெளியாளுக்கு எதற்குக் காசு?

இப்போது கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். வீட்டில் இதைப் பற்றிப் பேச ஆளில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புதன்கிழமை விடிகாலையில் நீங்கள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பும்போது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது யார்? ஷட்டரைத் தூக்குவது யார்? 8 மணிக்கு முதல் போனை எடுப்பது யார்? உங்கள் வலைப்பூவில் 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம் இருக்கிறது. எங்களை என்று போட்டுவிட்டு உங்கள் படம் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறீர்கள். கட்டிய மனைவியின் உழைப்பைக் குடும்பக் கடமை என்று ஒதுக்கிவிட்டு அதே கடையில் தன் உழைப்பை மட்டும் தொழில் என்று பேசுகிற ஆண்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, வெகுநாளாகவே வருகிறது. ஒரு கடை இரண்டு பேர் உழைப்பில் நின்றால் பெயரும் இரண்டு பேருக்கும் சேரவேண்டும், கணக்கிலும் பங்கு இருக்கவேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அவர் அலுத்துக்கொள்கிறார் என்றால் ஒரே பதிலை நாளுக்கு இருபது தடவை சொல்லித் தொண்டை வற்றுகிறது என்று பொருள். நல்ல பதிவு ஒன்று இருந்தால் அவரே அந்த லிங்கை அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவார். உங்கள் வலைப்பூ முதலில் குறைக்க வேண்டிய பாரம் அதுதான், வியாபாரம் அதற்குப் பிறகு வரட்டும்.

அதனால் இன்று ராத்திரி கடையைச் சாத்தியதும் அவரை உட்கார வைத்து, இன்றைக்கு யார் யார் என்ன கேட்டார்கள் என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள், அவர் சொல்வதை அவர் சொல்கிற மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் குழுக்களில் உறுப்பினர் வர முடியாத அன்று தனக்குப் பதிலாக ஒருவரை அனுப்பலாம் என்ற வழக்கம் உண்டு, உங்கள் குழுவிலும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் ஒரு புதன்கிழமை நீங்கள் பிள்ளைகளைக் கிளப்பி, கடையைத் திறந்து, போனை எடுங்கள். அவர் போய் அந்த 46 பேர் முன்னால் ஒரு நிமிடம் பேசட்டும்.

அப்புறம் ஒன்று. உங்கள் முழுக் கடிதமும் மூன்று பக்கம், நான் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். குழுத் தலைவர் பெயர் இருக்கிறது, ஓட்டல் பெயர் இருக்கிறது, நீங்கள் விற்கிற மோட்டார் கம்பெனிகளின் பெயர் வரிசையாக இருக்கிறது. உங்கள் மனைவியின் பெயர் மூன்று பக்கத்தில் எங்கேயும் இல்லை. அடுத்த பதிவு போட்டதும் எனக்கு லிங்க் அனுப்புங்கள், எழுதியவர் பெயர் வருகிற இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.