வாசா மாடல்: முன்பக்கப் பலகைகளில் இடைவெளி
வாசா என்ற பழைய ஸ்வீடன் போர்க்கப்பலின் மர மாடல் செய்கையில், முன்வளைவில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இது முதல் அடுக்குதானே? இரண்டாவது அடுக்கு ஒட்டினால் மறைந்துவிடும். அதே மரத்தை உப்புத்தாளில் தேய்த்து, அந்தத் தூளை வெள்ளைப் பசையில் குழைத்து அடையுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். அப்புறம் தேய்த்துவிட்டு, கண்ணை மூடி விரலால் தடவிப் பாருங்கள். மேடுபள்ளம் விரலுக்குத்தான் தெரியும்.

அடுத்த பலகைகளை வெந்நீரில் ஊறவைத்து, முனையை ஒடுக்கிச் சீவிய பிறகு வளையுங்கள். இதைச் செய்யாமல் என் முதல் கப்பலில் நான்கு பலகைகளை ஒடித்தேன்.

அசல் வாசாவே இடமும் வலமும் ஒன்றுபோல் இல்லை. 1628-இல் மூழ்கிய அந்தக் கப்பலில் கிடைத்த அளவுகோல்களில் சில ஸ்வீடன் அடி, சில அதைவிடக் குட்டையான ஆம்ஸ்டர்டாம் அடி! உங்கள் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர்?